அனுப்பிய மின்னஞ்சல் எங்கே நிற்கிறது?

அப்பாவின் காணி தொடர்பான மேன்முறையீட்டை அனுப்பிவிட்டேன் என்று நான்கு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பம் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. போருக்குப் பிறகு அங்குள்ள காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் அப்பாவின் நான்கு பரப்புக் காணி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு அலுவலகத்திடம் விவரம் கேட்டோம். கேட்ட கேள்விக்கு உரிய பதில் வரவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கமான அந்தச் சட்டத்தின்படி, பதிலில் திருப்தி இல்லாதவர் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யவேண்டும்.

கடைசி நாள் மாலை காணி உறுதி, வரைபடம், வந்த பதில் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து இணைத்தேன். மடிக்கணினியில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளில் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். எழுதிய பெட்டி மறைந்தது. மூடியைச் சாத்திவிட்டு “அனுப்பியாச்சு அப்பா” என்றேன். மறுநாள் அதிகாலை வவுனியாவுக்கு வேலையாகப் போய்விட்டேன். நான்கு நாட்களின் பின் திரும்பி வந்து கணினியைத் திறந்தபோது அந்த மின்னஞ்சல் அவுட்பொக்ஸிலேயே கிடந்தது. காலம் கடந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். புதிய விண்ணப்பம் எழுதி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

இதில் வெட்கமான விடயம் ஒன்று உண்டு. சுன்னாகத்தில் ஒரு கொமினிகேசன் கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தவன் நான். “தம்பி, நான் அனுப்பினனான், அவை கிடைக்கேல்லை எண்டினம்” என்று வந்து நின்றவர்கள் எத்தனையோ பேருக்கு வழி சொன்னவன். அவர்களுக்குச் சொன்னதை நானே செய்யவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வருகிற பாதை வேறு, போகிற பாதை வேறு

கடைக்கு வந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்வி: “எனக்கு மெயில் வருகுது, ஏன் போகுதில்லை?”

மின்னஞ்சல் வருவதும் போவதும் ஒரே பாதையில் நடப்பதில்லை. உங்களுக்கு வந்த கடிதங்களைச் சேர்வரிலிருந்து எடுத்துக் காட்டுவது ஐமெப் அல்லது பொப் என்ற முறை. உங்கள் கடிதத்தை வெளியே கொண்டுபோவது எஸ்.எம்.ரி.பி. என்ற இன்னொரு முறை. இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜோன் பொஸ்ரல் 1982 ஓகஸ்டில் எழுதிய விதிகளே அதற்கு இன்றும் அடிப்படை. இரண்டுக்கும் சேர்வரின் பெயர் வேறு, வாசல் இலக்கம் வேறு, கடவுச்சொல்லைக்கூடத் தனித்தனியாகவே சேமித்து வைத்திருக்கும். ஆகவே ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றது நின்றுபோகலாம்.

போகிற பாதையைத் தபாலோடு ஒப்பிட்டால் விளங்கும். கடிதம் முதலில் உங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. பிறகு உங்கள் ஊர்த் தபாலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து பெறுபவரின் ஊர்த் தபாலகத்துக்கு, கடைசியில் அவர் கைக்கு. மின்னஞ்சலுக்கும் இதே நான்கு இடங்கள்: உங்கள் கருவி, உங்கள் சேவையின் சேர்வர், பெறுபவரின் சேர்வர், அவருடைய பெட்டி. “போகவில்லை” என்று ஒருவர் சொன்னால், இந்த நான்கில் எதில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அது தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றுவதும் மென்பொருளை அழித்துத் திரும்பப் போடுவதும் வீண் வேலை.

உங்கள் மேசையிலேயே நிற்கிறதா?

முதலில் சென்ட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் கடிதம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அவுட்பொக்ஸிலோ ட்ராப்ட்ஸிலோ இருந்தால் இன்னும் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் எழுதிய பெட்டி மறைவது ஒன்றுக்கும் சாட்சியல்ல. நான் ஏமாந்தது அதில்தான்.

மேசையில் நிற்பதற்குக் காரணங்கள் சில. ஒன்று, இணைய இணைப்பு. “வட்ஸ்அப் வேலை செய்யுது, மெயில் மட்டும் போகுதில்லை” என்பவர்களிடம் எந்த பெக்கேஜ் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பேன். சமூக ஊடகங்களுக்கு மட்டும் டேட்டா தருகிற மலிவான பெக்கேஜாக இருக்கும். அதில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஓடும், மின்னஞ்சல் ஓடாது.

இரண்டாவது, இணைப்பின் எடை. ஜீமெயில் 25 எம்.பி. வரை இணைக்க விடுகிறது. வேறு சேவைகளில் எல்லை இதைவிடக் குறைவாக இருக்கலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மின்னஞ்சல் முறை எழுத்துகளை மட்டும் கொண்டுபோவதற்காக உருவானது. ஆகவே படமோ பீ.டி.எப். கோப்போ போகும்போது அதை எழுத்துகளாக மாற்றியே அனுப்புகிறார்கள். அப்படி மாற்றும்போது எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். என் கோப்புகள் 17 எம்.பி., நான் பாவித்த சேவையின் எல்லை 20 எம்.பி. போகும் என்று நினைத்தேன். மாற்றிய பிறகு அது 22 எம்.பி.யைத் தாண்டியிருக்கும். சேர்வர் மறுத்துவிட்டது. மறுப்புச் செய்தி திரையில் வந்தபோது நான் மூடியைச் சாத்தியிருந்தேன்.

காணி உறுதியை வண்ணப் படமாக எடுக்காமல், ஸ்கான் செயலியில் கறுப்பு வெள்ளை பீ.டி.எப். ஆக எடுத்தால் எடை வெகுவாகக் குறையும். வாசிக்கத் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இடம் நிரம்புவது. கூகுள் இலவசமாகத் தருகிற 15 ஜீ.பி. மின்னஞ்சலுக்கு மட்டும் உரியதல்ல. போனில் எடுத்த கலியாண வீட்டு வீடியோக்களும் அதே 15 ஜீ.பி.யில்தான் சேருகின்றன. அது நிரம்பினால் மின்னஞ்சல் வரவும் மாட்டாது, போகவும் மாட்டாது.

உங்கள் தபாலகம் மறுக்கிறதா?

ஜீமெயிலை உலாவியிலோ அதன் சொந்தச் செயலியிலோ பாவிப்பவர்களுக்கு இந்த இடத்தில் பெரிதாகப் பிரச்சினை வராது. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள் பாவிப்பவர்களுக்கும், ஸ்கான் செய்து நேரடியாக அனுப்பும் இயந்திரம் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கும்தான் இங்கே இடிக்கும்.

2022 மே 30 முதல், பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கேட்கிற வெளி மென்பொருட்களைக் கூகுள் ஏற்பதை நிறுத்தியது. மைக்ரோசொப்டும் 2024 இல் அவுட்லுக் கணக்குகளுக்கு அதே வழியில் போனது. “நேற்றுவரை போனது, கடவுச்சொல் சரிதான்” என்று சொல்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவே. மென்பொருளைப் புதுப்பித்து, கூகுளின் சொந்தப் பக்கம் வழியாக உள்நுழையவேண்டும். பழைய இயந்திரம் என்றால் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைத் தொடக்கி, அந்த இயந்திரத்துக்கு மட்டுமென்று 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம்.

அடுத்தது வாசல் இலக்கம். சேர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாசல் 25. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் அந்த வாசலால் குப்பை அஞ்சல் அனுப்பியதால், பல இணைய நிறுவனங்கள் அதை வாடிக்கையாளர்களுக்கு மூடிவிட்டன. நாம் பாவிக்கவேண்டியவை 465 அல்லது 587. பழைய அமைப்பில் 25 என்று இருந்தால் மாற்றுங்கள்.

இன்னொரு காரணத்தை மின்தடை எனக்குப் படிப்பித்தது. பழைய மேசைக் கணினிகளின் உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறிய பற்றரி இருக்கும். அது செத்துப்போனால், மின்சாரம் நின்று வரும்போது கணினியின் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான இணைப்பு என்பது காலாவதித் திகதியுள்ள சான்றிதழைப் பார்த்தே திறப்பது. திகதி பிழைத்தால் கணினி எந்தச் சேர்வரையும் நம்பாது. கடையில் ஒரு முறை அரை நாள் மினக்கெட்ட பிறகுதான் திரையின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன்.

அங்கே போய்த் திரும்பி வந்ததா?

அனுப்பிய சில நிமிடங்களில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கடிதம் வந்தால் பலர் அதை வாசிக்காமல் அழித்துவிடுகிறார்கள். பிழை என்னவென்று சொல்கிற ஒரே சாட்சி அதுதான்.

அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4 இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. உங்கள் சேர்வர் தானாகவே திரும்பத் திரும்ப முயலும், சில நாட்கள்வரைகூட. நீங்கள் பத்துத் தரம் அனுப்பத் தேவையில்லை. ஆனால் கடைசித் திகதி நெருங்கினால் வேறு வழியைப் பாருங்கள். 5 இல் தொடங்கினால் அது முடிந்த முடிவு. எதையாவது திருத்தாமல் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

550 ஓடு 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரி இல்லை. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கே எச் வரும், எங்கே ஏ இரண்டு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கடிதத் தலைப்பில் அச்சிட்ட பழைய முகவரியும் கைவிடப்பட்டிருக்கலாம். 5.2.2 என்றால் பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7 இல் தொடங்கினால் உங்களை நம்ப மறுக்கிறார்கள்.

இந்தக் கடைசி வகை அண்மைக் காலத்தில் கூடிவிட்டது. யார் வேண்டுமானாலும் யாருடைய பெயரையும் உறையின் பின்பக்கம் எழுதலாம் என்பது மின்னஞ்சலின் பழைய பலவீனம். அதை அடைக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. எங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எப். கடிதத்தில் முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். இரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்யவேண்டும் என்று சொல்வது டிமார்க். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் தமக்கு அனுப்புகிற எவரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கின்றன. நாளொன்றுக்கு 5000 இற்கு மேல் ஜீமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம்.

சொந்த டொமைன் வைத்திருக்கும் எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் இதைக் கவனிக்கவேண்டும். ரொறன்ரோவில் இருப்பவர் காசு அனுப்பியிருப்பார். பற்றுச்சீட்டு அவருடைய ஸ்பாமில் கிடக்கும். “காசு வாங்கினவை, ஒரு பதிலும் இல்லை” என்று அவர் மனம் வெறுத்துப்போவார். இணையத்தளம் செய்து தந்தவரிடம் இந்த மூன்றும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை.

கிடைத்ததற்கு என்ன சாட்சி?

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இங்கே மின்னஞ்சலுக்குச் சட்ட மதிப்புக் கொடுக்கிறது. ஒரு செய்தி எப்போது அனுப்பப்பட்டது, எப்போது கிடைத்தது என்று கணிக்கும் விதிகளும் அதில் உள்ளன. அவுட்பொக்ஸில் கிடக்கும் கடிதம் எந்தக் கணக்கிலும் அனுப்பிய கடிதமல்ல.

போய்ச்சேர்ந்த கடிதத்துக்கும் உத்தரவாதம் இல்லை. 2023 இல் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அந்த நாட்களில் அரச அலுவலகம் ஒன்றுக்கு எழுதியவரிடம் தன் பிரதி இல்லையென்றால், அந்தக் கடிதம் எங்குமே இல்லாமல் போயிருக்கலாம்.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். முக்கியமான கடிதத்தைக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னரே அனுப்புவேன். வேறொரு சேவையில் இருக்கும் என் இரண்டாவது முகவரிக்கும் பிரதி போடுவேன். அங்கே வந்துவிட்டால் கடிதம் என் சேர்வரைத் தாண்டிவிட்டது என்று தெரியும். சென்ட் பகுதியைப் பார்த்த பிறகே கணினியை மூடுவேன். கிடைத்ததை உறுதிப்படுத்துமாறு கடிதத்திலேயே கேட்பேன். தகவல் கோரிக்கையைப் பெற்றதும் எழுத்தில் உறுதிப்படுத்துவது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் தொலைபேசி எடுப்பேன். காணி, ஓய்வூதியம், வழக்கு என்றால் பதிவுத் தபாலிலும் ஒன்று போடுவேன்.

இதையெல்லாம் அப்பாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்தார். தொண்ணூறுகளில் ஊருக்குத் தொலைபேசி இல்லாத காலத்தில், ஜேர்மனியில் இருந்த சித்தப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தலைப்பில் இலக்கம் இடுவார். 14 கிடைத்து, அடுத்ததாக 16 வந்தால், 15 வழியில் தொலைந்தது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அதில் இருந்ததை அப்பா திரும்ப எழுதுவார்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கும் பதில் சரியாக வரவில்லை. இந்த முறை மேன்முறையீட்டை ஐந்தாம் நாளே அனுப்பினோம். தலைப்பில் இலக்கம் ஒன்று என்று போடச் சொன்னார் அப்பா. போட்டேன். மறுநாள் காலை, கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதை அச்சிட்டு உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.