தனிப்பாதையா, பொதுப்பாதையா?
பனியன் கம்பெனிகளின் கேள்வி

திருப்பூரில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை!

நூல் ஓரிடத்தில் துணியாகிறது. இன்னோரிடத்தில் சாயம் ஏறுகிறது. பல்லடத்திலோ, அவினாசியிலோ தையல் நடக்கிறது. பெட்டியில் அடைத்த சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது.

என்ன நிறம்? எத்தனை பீஸ்? என்றைக்குக் கப்பல்? இத்தனையும் தலைமை ஆபீசுக்கும் கிளைகளுக்கும் உடனுக்குடன் தெரிய வேண்டும். செய்தி தாமதமானால் கப்பல் போய்விடும். பிறகு சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். லாபமெல்லாம் விமானக் கூலிக்கே சரியாகிவிடும்!

அந்தச் செய்தி போக இரண்டு வழிகள் உண்டு.

தனிப்பாதை

டெலிபோன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுப்பது இது. 'லீஸ்டு லைன்' என்பார்கள். இரண்டு ஆபீசுகளுக்கு மட்டுமே உரிய பாதை. பேசிய வேகம் குறையாமல் கிடைக்கும். ஆனால், தூரமும் வேகமும் கூடக்கூட வாடகையும் கூடும். நான்கு கிளைகள் என்றால் நான்கு லைன்!

பொதுப்பாதை

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இது ஊருக்கெல்லாம் பொதுவான சாலை. கட்டணம் குறைவு. கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையும். வழியில் பிறர் கண்ணும் படலாம்.

அதற்கு ஒரு பூட்டு உண்டு. அதன் பெயர் 'வி.பி.என்.' அனுப்பும் இடத்திலேயே செய்தியைச் சங்கேத எழுத்தாக மாற்றிவிடும். சேரும் இடத்தில் உள்ள சாவிதான் அதைத் திறக்கும். நடுவில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது!

ஒரே பள்ளம்!

இரண்டு பாதைகளையும் வைத்துக்கொண்டால் என்ன? ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்குமே!

நல்ல யோசனைதான். ஆனால், இரண்டு கேபிள்களும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால்? சாலை தோண்டும் இயந்திரத்தின் ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும்!

கடலுக்கு அடியிலும் இதே கதைதான். 2008 ஜனவரி 30 அன்று, எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இன்டர்நெட் தடுமாறியது. அந்தக் கேபிள்களை மட்டும் நம்பிய தனிப்பாதைகளும் தப்பவில்லை. வேறு திசையில் செல்லும் கேபிளில் இடம் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள்.

ஆகவே, லைன் வாங்கப் போகிறவர் "வாடகை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது.

"இந்தக் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது?" என்றும் கேட்க வேண்டும்!