ஒற்றை லேத் முதலாளிக்கு யார் துணை?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கத்துச் சந்துகளில் நடந்தால், வீட்டின் முன்பகுதியிலேயே லேத் ஓடுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மெஷின்தான். முதலாளியும் அவரே, ஆபரேட்டரும் அவரே. சாயங்காலம் மொபெட்டில் சரக்கைக் கட்டிக்கொண்டு டெலிவரிக்குப் போகிறவரும் அவரே. கணக்கு பார்ப்பது மனைவியாக இருக்கும்.

இவர்களைத் தனி ஆள் என்று சொல்கிறோம். ஆனால் ஒரு பம்ப் ஷாஃப்ட் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். ஒரு பட்டறையில் டர்னிங் முடிந்து, அடுத்த தெருவில் கீவே வெட்டி, வேறோர் இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட், கடைசியில் கிரைண்டிங். நாலு கை மாறினால்தான் அது ஷாஃப்ட். வேலையில் இப்படி ஒருவரை ஒருவர் நம்பி நிற்பவர்கள், ரேட் பேசும்போது மட்டும் தனித்தனியே நிற்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரேட்டில் விழும் அடி

“இதே பீஸை ஐம்பது பைசா குறைச்சு முடிச்சுத் தர ஆள் இருக்கு” என்பார் ஆர்டர் கொடுப்பவர். அடுத்த பட்டறையிலும் அதையேதான் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாததால் இரண்டு பேரும் இறங்குவார்கள். கார்பைடு டிப், கூலன்ட் ஆயில், கரன்ட் பில், வாடகை எல்லாம் கணக்கில் வரும். மெஷின் முன்னால் நிற்கும் தன்னுடைய சம்பளம் மட்டும் வராது. ஒரு பீஸுக்கு உண்மையில் எவ்வளவு அடக்கம் ஆகிறது என்பதை நாலு பேர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் அந்த விடுபட்ட தொகை கண்ணில் படும்.

அந்த நாலு பேர் உட்காரும் இடங்கள் கோவையில் உண்டு. சிறுதொழில் சங்கமான கொடிசியா 1969-இல் தொடங்கியது. ஜாப் ஆர்டர் செய்யும் குறுந்தொழில் முனைவோருக்கு டாக்ட், காட்மா போன்ற சங்கங்கள் இருக்கின்றன. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் கொசிமா இருக்கிறது. சேர்ந்து நிற்பதன் பலம் 2023-இல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி, மின்சார நிலைக் கட்டண உயர்வை எதிர்த்துத் தமிழகம் முழுவதும் சிறு, குறு தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. தனி ஒருவர் தன் பட்டறையைப் பூட்டினால் அவருக்கு ஒருநாள் வருமானம் போகும், அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து பூட்டியபோதுதான் அது கோரிக்கை ஆனது.

சட்டம் இருக்கிறது, தைரியம்?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனாலும் பலர் கொடுப்பதில்லை. “கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராது” என்ற பயம்தான் காரணம். அதே ஆளிடம் பணம் மாட்டிக்கொண்ட இன்னொருவரைச் சந்திக்கும்போது அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு இல்லாமல் இந்த உரிமையைக் கேட்டு நிற்பது கடினம் என்பதையும் முதலில் எடுத்துச் சொல்பவர் சக தொழில்காரர்தான்.

தனியாகத் தொழில் செய்பவர்கள் ஒன்றுசேர்வது கோவைக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1972-இல் அகமதாபாத்தில் இலா பட், சுயதொழில் செய்யும் பெண்களுக்காக ‘சேவா’வைச் சங்கமாகப் பதிவு செய்யப் போனார். முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தயங்கினார்கள். சங்கம் என்பது யாரையும் எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்காக என்று அவர் வாதாடிப் பதிவை வாங்கினார். 1974-இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று கூட்டுறவு வங்கியே தொடங்கினார்கள். சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பும், தெருவோர வியாபாரிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வைத்தே கடன் வாங்கிக் கொடுத்தது.

எந்தக் கூட்டம் உதவும்?

எல்லாக் கூட்டமும் துணை ஆகிவிடாது. பெரிய ஆலை அதிபர்கள் பேசும் மேடையில் ஒற்றை லேத்காரர் வாய் திறக்க மாட்டார். உங்கள் அளவில் தொழில் செய்பவர்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள். பொன்னாடையும் குழுப் படமும் மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள். உங்களிடம் வேலை குவிந்தால் வாங்கிச் செய்துகொடுக்கவும், வேலை இல்லாதபோது அனுப்பவும் ஆள் இருக்கிறாரா? பழைய மெஷின் வாங்கப் போகும்போது கூடவே வந்து பெட் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிண்டில் ஆடுகிறதா என்று கை வைத்துப் பார்த்து, “இது வேண்டாம்ப்பா” என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருக்கிறாரா? இருந்தால் அதுதான் உங்கள் இடம்.

அங்கே போகும்போது கேட்பதற்கு முன் கொடுங்கள். தெரிந்த ஒரு நல்ல சப்ளையரை, ஒழுங்காகப் பணம் தரும் ஒரு வாடிக்கையாளரைச் சொல்லுங்கள். ஆர்டர் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பில் மாட்டிக்கொண்ட பிறகு சங்கத்தைத் தேடி ஓடுவதைவிட, கைநிறைய வேலை இருக்கும் இந்த வாரமே போய் உறுப்பினர் ஆகிவிடுங்கள்.