பட்டியலுள் பட்டியலும் எழுத்தெண்ணலும்

ஊர்ப்பெயர்களை ஆய்வுக்காகக் கணிப்பொறியில் நாம் தொகுக்குங்கால், அவை ஒரே நேர்வரிசையாய் அமைவதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் ஒரு பட்டியல்; அதனுள் கீழ்பென்னாத்தூர் வட்டம் ஒரு பட்டியல்; அதனுள்ளே ஊர்கள். திருக்குறளின் பால், அதிகாரம், குறள் என்னும் அடுக்கும் இத்தகையதே. இவ்வடுக்கிலுள்ள பெயர் ஒவ்வொன்றின்மேலும் எழுத்தெண்ணும் சார்பினைச் செலுத்துவது எங்ஙனம்?

வழி எளிது. எதிர்ப்படுவது பட்டியலாயின், செயல்முறை தன்னையே மீண்டும் அழைத்து உட்புகும். பெயராயின், சார்பைச் செலுத்தி விடையை அவ்விடத்தே வைக்கும். அடுக்கு எத்துணை ஆழமாயினும் விதி இஃதொன்றே. தன்னைத்தானே அழைக்கும் இம்முறையை ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில் விளக்கினார்.

எங்கே நிற்பது என்பதிலேதான் இடர்ப்பாடு. பைத்தான் மொழியில் சொல்லும் உறுப்புகள் உடையதொரு வரிசையே. உறுப்புடையவை எல்லாம் பட்டியல் எனக் கொள்ளின், செயல்முறை பெயரையும் பிளந்து உட்புகும்; ஒற்றைக் குறியினுள்ளும் அக்குறியையே கண்டு சுழன்று, பிழை காட்டி நிற்கும். 'உறுப்புடையதா' என்னாது 'பட்டியலா' என வினவுதலே தக்கதென்பது எம் கருத்து.

தமிழுக்கு மற்றுமொரு தடை உண்டு. கீழ்பென்னாத்தூர் என்பதில் எழுத்து 8. ஒருங்குறிக் குறிகளோ 16. பாதியாக்கினால் போதும் என்பார் திருவண்ணாமலையை நோக்குக: எழுத்து 7, குறி 12. அகர உயிர்மெய் ஒரு குறியாகவும், ஏனைய உயிர்மெய்களும் மெய்களும் இரு குறிகளாகவும் நிற்பதே காரணம். பைத்தானின் எண்ணற் சார்பு குறிகளையே எண்ணும். அக்கணக்கில் 'க்' என்னும் மெய் 'க'வினும் நீளும்! எவ்விலக்கணி இதனை ஏற்பார்? துணைக்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் விட்டெண்ணும் சார்பை முதற்கண் அமைத்து, அதனையே அடுக்கினுள் செலுத்துக.