பயிற்சி விமானத்தின் இடது இருக்கை

விமானம் ஓட்டக் கற்க விரும்புபவர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சிப் பள்ளியைத் தேடுவது அதற்குப் பிறகுதான். இந்தியாவில் விமானிகளுக்கு உரிமம் வழங்கும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் பல நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று பெறுவதே தொடக்கம். கண்பார்வை, செவித்திறன், இ.சி.ஜி., ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிக்கப்படும். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையும் உண்டு. மூக்குக் கண்ணாடி தடையாகாது. கண்ணாடி போட்டால் பார்வை உரிய அளவுக்கு வந்தால் போதும். பறப்பதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு இன்னும் கடுமையான முதல் வகுப்புச் சான்று தேவை. பெங்களூரில் விமானப்படையின் கீழ் இயங்கும் விண்வெளி மருத்துவக் கழகம் இதற்கான பரிசோதனை நடக்கும் இடங்களில் ஒன்று. பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பரிசோதனைக்குப் போவதைவிட, முதல் வகுப்புச் சான்றையும் கையில் வாங்கிக்கொண்டு கட்டணத்தைப் பற்றிப் பேசுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

உரிமத்தில் மூன்று படிகள் உள்ளன. மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். பயிற்சிப் பள்ளி நடத்தும் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அதைக் கொண்டு நண்பர்களை ஏற்றிப் பறக்கலாம், கூலி வாங்க முடியாது. சம்பளத்துக்குப் பறக்க வேண்டுமானால் சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் தேவை. அதற்கு 18 வயது, 200 மணி நேரம், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும். வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தகுதி பெறுவது வழக்கத்தில் இருக்கிறது.

இந்தியாவில் பறக்கும் பயிற்சி இன்று நேற்று வந்ததல்ல. நாட்டின் முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரி 10 அன்று பெற்றார். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் அடுத்த ஆண்டிலேயே தொடங்கியது. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமி 1980களில் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உருவானது. இவை தவிரத் தனியார் பள்ளிகளும் நாடெங்கும் இயங்குகின்றன.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரம் எதைச் சொன்னாலும், கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. எத்தனை விமானங்கள் இன்றைய நிலையில் பறக்கின்றன, எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்றுநர்கள், சென்ற ஆண்டு சேர்ந்தவர் இப்போது எத்தனை மணி நேரம் முடித்திருக்கிறார்? பத்து விமானங்கள் நிற்கும் கொட்டகையில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தால், ஓராண்டுப் பயிற்சி இரண்டாண்டுக்கு மேல் இழுக்கும். வட இந்தியாவில் குளிர்காலப் பனிமூட்டமும், மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழையும் பல வாரங்களைத் தின்றுவிடும். சி.பி.எல். முடிக்கும்போது செலவு பெரும்பாலும் 40 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆகவே முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் இடத்தில் நிதானிப்பது நல்லது. பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஏற்பாடே மாணவருக்கு உகந்தது.

படிப்பு தரையிலும் நடக்கிறது. வான்வழி வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வு நடத்துகிறது. 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலியில் பேசத் தனிச் சான்று உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதை மாணவர் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டப் பழக வேண்டும். இரைச்சலில் குழப்பம் வராதிருக்க, ஏ என்பதை ஆல்ஃபா என்றும் ஒன்பதை நைனர் என்றும் சொல்வது உலகெங்கும் உள்ள மரபு. தேர்வுகளைப் பறக்கும் பயிற்சிக்கு முன்பே முடித்துவிடுவோர் பின்னால் பெருமூச்சு விடுவதில்லை. பறந்து களைத்த மாலையில் வானிலைப் புத்தகத்தைத் திறப்பது லேசான காரியமில்லை.

பயிற்சிக்குப் பெரும்பாலும் கிடைப்பது செஸ்னா 152, செஸ்னா 172 அல்லது டயமண்ட் டி.ஏ. 40. செஸ்னா 172 முதன்முதலாக 1955இல் பறந்தது. 40,000க்கும் மேல் தயாரிக்கப்பட்ட விமானம். இறக்கை மேலே இருப்பதால் கீழே தரை நன்றாகத் தெரியும். மாணவருக்கு இடது இருக்கை, பயிற்றுநருக்கு வலது. இருவர் முன்னும் ஒரே மாதிரிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு விமானம் மாறும்போது அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு நொடி ஐயமும் கூடாது.

ஏறும் முன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதுதான் முதல் பாடம். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் குப்பியில் வடித்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். பிஸ்டன் எஞ்சினுக்கான ஆவ்கேஸ் 100 எல்.எல். நீல நிறம் கொண்டது. தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியே தேங்கி நிற்கும். வேகமானிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்றினார்களா என்றும் பார்க்க வேண்டும். உறையோடு மேலே போனால் வேகமானி பொய் சொல்லும்.

தரையில் ஓடும்போது புதியவர் கை தானாகவே கார் போலக் கைப்பிடியைத் திருப்பும். விமானம் திரும்பாது. தரையில் திருப்புவது கால் மிதிகள்தான். மேலே எழும்போது எஞ்சினும் சுழலியும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் இழுக்கும். வலக்காலால் அதைச் சரிக்கட்ட வேண்டும். முதல் சில வகுப்புகளில் பயிற்றுநர் அதிகமாகச் சொல்லும் சொல் 'வலது கால்' என்பதாகத்தான் இருக்கும்.

நேராகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது என்று பழகியபின் ஸ்டால் வருகிறது. மூக்கை மேலும் மேலும் தூக்கினால், ஒரு கோணத்தில் இறக்கையின் மேற்பரப்பை விட்டுக் காற்று பிரிந்துவிடும். பயிற்சி விமானங்களில் அது ஏறத்தாழ 15, 16 பாகை. அப்போது இறக்கை தூக்குவிசையை இழக்கிறது, விமானம் சட்டென்று தணிகிறது. எஞ்சின் நின்றுபோவதாக வெளியே பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கீழே விழும்போது கைப்பிடியைப் பின்னால் இழுக்கச் சொல்கிறது மனித இயல்பு. பயிற்சி அதற்கு நேரெதிராகக் கைப்பிடியை முன்னால் தள்ளச் சொல்கிறது. மூக்கு தாழ்ந்தால் காற்று மீண்டும் இறக்கையோடு ஒட்டும், விமானம் பறக்கும். போதிய உயரத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, இதைத் திரும்பத் திரும்பச் செய்து கைக்குப் பழக்குகிறார்கள். விமானப் பயிற்சியில் இதைவிட முக்கியமான பாடம் வேறு எதுவும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

அடுத்தது சர்க்யூட். ஓடுபாதையிலிருந்து எழுந்து, சுமார் 1,000 அடி உயரத்தில் செவ்வகமாகச் சுற்றி, மறுபடியும் அதே ஓடுபாதையில் இறங்குவது. மாணவர்கள் மனம் தளர்வதும் இந்தக் கட்டத்தில்தான். இறங்கும்போது ஓடுபாதையில் ஓர் இடத்தைக் குறிவைத்தால், அந்த இடம் கண்ணாடியில் அசையாமல் நிற்க வேண்டும். மேலே நகர்ந்தால் விமானம் எட்டாமல் முன்னதாகவே தரை தொடும்; கீழே நகர்ந்தால் தாண்டிப் போய்விடும். செஸ்னா 172இல் வேகம் 65 நாட் அளவில் இருக்கும். தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்லத் தூக்கி இறங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் கணத்தில் கண் மூக்குக்கு நேர் கீழே பார்க்கக் கூடாது; ஓடுபாதையின் மறுகோடியைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் உயரம் புரியும். பக்கவாட்டுக் காற்று வேறு சேர்ந்துகொண்டால் வேலை இரட்டிப்பு. இறக்கம் சரியாக அமையவில்லை என்றால் முழு விசை கொடுத்து மேலே எழுந்து இன்னொரு சுற்று வர வேண்டும். அப்படி எழுந்து போவதைத் தோல்வியாக எண்ணாத மாணவரே நல்ல விமானியாகிறார்.

ஒரு நாள் பயிற்றுநர் இறங்கிக்கொள்வார், மாணவர் தனியாக ஒரு சுற்று போய் வருவார். அதுதான் சோலோ. எத்தனையாவது மணி நேரத்தில் அது வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சக மாணவரோடு ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. ஓர் ஆளின் எடை குறைந்ததால் விமானம் சீக்கிரமே மேலெழுந்து மாணவரைத் திகைக்க வைக்கும். திரும்பி வந்தவர் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டி வாழ்த்துவது இந்தியப் பள்ளிகளில் காணப்படும் வழக்கம்.

சோலோவுக்குப் பிறகு தூரப் பயணங்கள். வரைபடத்தில் கோடு போட்டு, காற்றைக் கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பறக்க வேண்டும். திசையில் ஒரு பாகை பிசகினால் 60 கடல் மைலில் ஏறத்தாழ ஒரு கடல் மைல் விலகல் என்பது எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. சி.பி.எல். உரிமத்தின் 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு மாணவர் கையிலேயே இருந்திருக்க வேண்டும். வழியில் இரண்டு நிலையங்களில் இறங்கி 300 கடல் மைல், அதாவது சுமார் 556 கிலோமீட்டர் பறந்த ஒரு பயணமும், இரவுப் பறத்தலும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சியும் அதில் அடங்கும். ஒவ்வொரு பறத்தலும் லாக்புக்கில் பதிவாகும். இறுதியில் தேர்வாளர் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் திறன் தேர்வு. அதில் தேறினால் உரிமம் கைக்கு வரும். விமான நிறுவனத்தில் சேர, ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியும் தேவை. அதன் கட்டணத்தைத் தொடக்கத்திலேயே மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.