துப்பாக்கி இல்லாத வேட்டை! காஞ்சியிலிருந்து கோடியக்கரைக்கு ஒரு மான் பயணம்

மாட்டுப் பொங்கல் வந்தால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் வேட்டைக்குப் புறப்பட்டுவிடுவார். வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் போய் வருவார். பார்வேட்டை என்றும் பரிவேட்டை என்றும் ஊரார் சொல்லும் உற்சவம் இது. வழி நெடுக மக்கள் காத்திருந்து சேவிப்பார்கள். வேட்டைக்குப் போன சாமி எந்த உயிரையும் கொல்லாமல், எல்லோருக்கும் தரிசனம் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார்.

அதே மாதிரி ஒரு வேட்டைக்கு நாமும் குடும்பத்தோடு போய் வர முடியும். கையில் துப்பாக்கிக்குப் பதில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். தேடிப் போக வேண்டிய விலங்கு வெளிமான்.

பட்டில் பார்த்த மான்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மான் புதிதல்ல. மயில், அன்னம், யாளி, யானையோடு மானும் பட்டுச் சேலையில் காலம் காலமாக நெய்யப்படுகிறது. காட்டையே சேலையில் கொண்டுவரும் ‘வனசிங்காரம்’ ரகத்தில் மான் இல்லாவிட்டால் காடு நிறைவடையாது. கோயிலுக்குப் போனால், சிவபெருமான் கையில் மானும் மழுவும் இருக்கும். ஆனால் ஜரிகையிலும் கல்லிலும் மானைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர், திறந்த வெளியில் அது துள்ளி ஓடுவதைப் பார்த்திருப்பார்கள்?

வெளிமானைத் திருகுமான் என்றும் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் வரும் இரலை இதுதான். ஆண் மானின் கொம்பு திருகு திருகாக முறுக்கி மேலே போகும். வளர்ந்த ஆணுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். பெண் மான் வெளிர் பழுப்பு நிறம், பெரும்பாலும் கொம்பு கிடையாது. புள்ளிமானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். புள்ளிமானின் கொம்பு கிளைகிளையாக இருக்கும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு ஒருமுறை முளைத்தால் ஆயுளுக்கும் அதேதான்.

பெயரிலேயே இருக்கிறது, இது வெளியில் வாழும் மான். அடர்ந்த காடு இதற்கு ஆகாது. நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டும் புல்வெளிதான் இதன் வீடு. ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளாது. ஓட்டம்தான் இதன் தற்காப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்கிறார்கள் விலங்கியலாளர்கள்.

அமெரிக்காவில் ஒரு தூரத்துச் சாயல்

வெளிமானைப் போலவே வெட்டவெளியில் வாழும் விலங்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. பெயர் பிராங்ஹார்ன். பார்க்க மான் மாதிரி இருந்தாலும் தனிக் குடும்பம், அந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் இதைவிட வேகமாக ஓடும் தரை விலங்கு இல்லை.

வயோமிங் போன்ற மேற்கு மாநிலங்களில் இதை வேட்டையாடச் சட்டப்படி அனுமதி உண்டு. வழிகாட்டி யாரையும் அமர்த்தாமல் தாங்களே திட்டம் போட்டு, அரசுப் பொது நிலங்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கே ஏராளம். பல மாதங்களுக்கு முன்பே உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தால்தான் உண்டு. எந்த வட்டாரம், ஆணா பெண்ணா, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் உரிமத்திலேயே இருக்கும். எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று வரைபடத்தில் பார்த்து, தொலைவிலிருந்து மந்தையைக் கவனித்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து நெருங்க வேண்டும். பிராங்ஹார்னின் கண்பார்வை அவ்வளவு கூர்மை.

பிராங்ஹார்னைத் துரத்திப் பிடிக்கும் வேகம் கொண்ட மிருகம் இன்று அமெரிக்காவில் இல்லை. பிறகு ஏன் அத்தனை வேகம்? முன்பு அங்கே வாழ்ந்து அழிந்துபோன சிறுத்தை இனம் ஒன்றிடமிருந்து தப்பிக்கப் பழகிய கால்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். நம் வெளிமான் கதையும் அதேதான். அதைத் துரத்தியது சிவிங்கிப்புலி. அந்தக் காலத்து ராஜாக்கள் சிவிங்கிப்புலியைப் பழக்கி, மான் வேட்டைக்கு அழைத்துப் போவார்கள். இந்தியாவின் கடைசி மூன்று சிவிங்கிப்புலிகள் 1947-ல் இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1952-ல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சில சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டு வெளிமானோ, துரத்த ஆள் இல்லாத வெளியில் இன்றும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் தனி.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தின் பார்வையில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. துரத்துவது, வளைத்து விரட்டுவது, பொறி வைப்பது, தீனி காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டை என்ற சொல்லுக்குள் வரும். செல்ஃபி ஆசையில் பைக்கில் மானை விரட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே தொட முடியாத வெளிமானை அமெரிக்காவின் டெக்சாஸில் காசு கொடுத்து வேட்டையாடலாம். 1930-களில் அங்கே கொண்டுபோன மான்கள் தனியார் பண்ணைகளில் பெருகிவிட்டன. அங்கே பண்ணைக்காரருக்குச் சொந்தமான விலங்கு, இங்கே நம் எல்லோருக்கும் பொது.

முதலில் ஒரு ஒத்திகை

நேராக நீண்ட பயணம் போவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டிக்குப் போய் வாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1978-ல் தேசியப் பூங்காவான கிண்டி, வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் மாநகரம் இரைந்துகொண்டிருக்க, உள்ளே வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. சிறுவர் பூங்காப் பகுதிக்குப் பொதுமக்கள் போகலாம், மற்ற பகுதிகளுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். பிள்ளைகள் ஆண், பெண், குட்டி என்று அடையாளம் காணப் பழகவும், பைனாகுலரைக் கண்ணுக்குச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளவும் இதைவிட வசதியான இடம் கிடையாது.

பெரிய பயணம்: கோடியக்கரை

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடிக்கரை என்றதும் படகோட்டி பூங்குழலியும் புதைகுழியும் நினைவுக்கு வந்துவிடும். நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலுக்குள் மூக்கை நீட்டும் அந்தக் கோடிதான் வெளிமானின் முக்கியமான வீடு. வெளிமானைக் காப்பதற்காகவே 1967-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

எப்போது போகலாம்? மான் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் புயலும் மிரட்டும். பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகளையும் சேர்த்துப் பார்க்க மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் சரி. மாசி, பங்குனியில் புல் காய்ந்து மான்கள் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

எப்படிப் போகலாம்? காரில் போனால் திண்டிவனம், புதுச்சேரி, நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வேதாரண்யம் சேரலாம். ரயிலில் போகிறவர்கள் செங்கல்பட்டில் மாறி, திருவாரூர் அல்லது நாகப்பட்டினம் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரை 2023-ல் மீண்டும் ரயில் விட்டிருக்கிறார்கள். நேரம் பார்த்துத் திட்டமிடுங்கள்.

எங்கே தங்கலாம்? வேதாரண்யத்தில் தங்குவது வசதி. வந்த மாலையில் வேதாரண்யேசுவரர் கோயிலுக்குப் போய் வரலாம். அப்பரும் சம்பந்தரும் பாடித் திறந்து அடைத்த கதவின் கதை இந்தத் திருமறைக்காட்டில் நடந்ததுதான். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய ஊரும் இதுவே. உப்பளங்கள் இன்றும் வழியெல்லாம் வெள்ளை வெளேர் என்று விரிந்து கிடக்கின்றன.

அனுமதி? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவு நேரம், கட்டணம், கேமராவுக்குத் தனிச் சீட்டு, எந்தப் பாதையில் வண்டி போகலாம், எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். புயலுக்குப் பிறகும், காட்டுத்தீ பயம் உள்ள நாட்களிலும் வாசலை மூடிவிடுவார்கள்.

வேட்டைக்காரரின் கண்ணால் பாருங்கள்

விடியும்போது சரணாலய வாசலில் இருந்தால் பாதி வெற்றி. காலையும் மாலையும் மான் மேயும், உச்சி வெயிலில் நிழலில் படுத்துவிடும்.

தரையைப் பாருங்கள். ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் புழுக்கை, அங்கே ஒரு ஆண் மான் எல்லை வகுத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த இடத்தைச் சுற்றி நிதானமாகக் கண்ணை ஓட்டுங்கள். மான் முழுசாகத் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் ஒரு திருகுக் கொம்பு, ஒரு காது அசைவு, ஒரு வெள்ளை வயிறு என்றுதான் தெரியும்.

வெளிமானுக்குக் கண்தான் காவல். சிவப்பு, மஞ்சள், பளபள சட்டையெல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். காய்ந்த புல்லின் நிறத்தில், மங்கிய பச்சையில் உடுத்துங்கள். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் மான் மறுபடி மேய ஆரம்பித்துவிடும். தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், நெருங்கியது போதும் என்று அர்த்தம். ஓடிவிட்டால் தவறு நம்முடையது. குட்டி தனியாகப் புல்லில் படுத்திருந்தால் தொடாதீர்கள். தாய் அருகில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: பைனாகுலர், தொப்பி, நிறைய குடிநீர், மழைக்காலமானால் கொசுவுக்குத் தடுப்பு, ஒரு சின்ன நோட்டு. எத்தனை ஆண், எத்தனை பெண், எந்த நேரம், எந்த இடம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டை வெளியே முடித்துக்கொள்ளுங்கள். பிஸ்கெட் பாக்கெட்டைப் பார்த்தால் அங்குள்ள குரங்குகள் சும்மா விடாது.

காடு வளர்ந்தால் மான் வாழுமா?

மரம் அதிகமானால் விலங்குக்கு நல்லது என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். வெளிமானுக்கு அது பொருந்தாது. கோடியக்கரைப் புல்வெளியில் பரவிய சீமைக் கருவேலம் மேய்ச்சல் நிலத்தை மூடுகிறது. யாரோ எப்போதோ விட்டுப்போன மட்டக்குதிரைகள் பெருகி, இருக்கிற புல்லுக்குப் போட்டி போடுகின்றன. வெளிமான் கருவேலங்காயைத் தின்று விதையைத் தானே பரப்பவும் செய்கிறது. 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்து மிதந்தன. மற்ற இடங்களில் தெருநாய்கள் துரத்துகின்றன. புல்வெளியைத் தரிசு என்று எழுதி வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். துப்பாக்கியை நிறுத்திய சட்டத்தால், நிலம் சுருங்குவதை நிறுத்த முடியவில்லை.

அதனால்தான் இந்தப் பயணத்துக்கு மதிப்பு. அமெரிக்காவில் பிராங்ஹார்ன் ஒரு காலத்தில் சில பத்தாயிரங்களுக்குள் சுருங்கி, பிறகு லட்சங்களுக்குத் திரும்பியது. அது எங்கே மேய்கிறது, எந்த வேலி அதன் வழியை அடைக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த வேட்டைக்காரர்களே அதற்காகக் குரல் கொடுத்ததும் ஒரு காரணம். நாமோ வேட்டையை விட்டோம், நல்லதே. கூடவே மானைத் தேடிப் போகும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். பார்க்காத விலங்கின் நிலம் பறிபோனால் யாருக்கும் தெரியாது.

பள்ளி விடுமுறைப் பட்டியலை எடுத்து, இரண்டு இரவு தங்கும்படி ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். மான் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். பட்டால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படாவிட்டால் அடுத்த மாசியில் மறுபடி போங்கள். வேட்டைக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள்.