கட்டிக்குத் துணை போகும் செல்கள்: வாய்ப் புற்றுநோயில் நாம் கவனிக்காத பக்கம்

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். உங்க விரல்தான், அடுத்தவர் விரல் வேண்டாம். தாராளமாகப் போகிறதா? நல்லது. பாக்கு, மாவா, குட்கா போடும் பழக்கம் உள்ள சிலருக்கு இரண்டு விரல்கூட நுழையாது. காரம் பட்டாலே எரியும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தொட்டால் கயிறு ஓடுவதுபோல இறுகியிருக்கும். 'கடவாய்ப் பல்லு பிரச்சினையா இருக்கும்'னு விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாக்குப் பழக்கத்தோடு சேர்ந்து வந்தால் அது வாய் நார்த்திசு இறுக்க நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இது புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்று மருத்துவர்கள் கண்காணிக்கும் நோய்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது வாயின் மேல் படலத்தில் உள்ள செல்களில். இந்த நோயில் இறுகுவதோ அதற்கு அடியில் இருக்கும் திசு. அங்கே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன. கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை உற்பத்தி செய்து திசுவைத் தாங்கிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் இந்தச் செல்களை அளவுக்கு மீறி வேலை வாங்குகிறது. பாக்கில் இருக்கும் தாமிரச் சத்து, உருவான நார்களைக் கரையவிடாமல் பின்னிக் கட்டிப்போட உதவுகிறது. விதை முளைக்கும் முன்பே மண் மாறிவிடுகிறது என்று சொல்லலாம்.

விதை, மண் என்ற இந்த ஒப்புமை புதுசு இல்லைங்க. 1889-லேயே லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, நோய் கண்ட இடத்துக்கெல்லாம் பரவுவதில்லை, சில உறுப்புகளைத் தேடிப் போவதுபோல இருக்கிறது என்று எழுதினார். விதை எங்கும் விழலாம், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கருத்து.

சரி, இந்தத் துணைச் செல்கள் கட்டிக்கு என்னதான் செய்கின்றன? கை வெட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓடிவந்து நார் பின்னும், புது ரத்தக் குழாய்கள் கிளைக்கும், வெள்ளை அணுக்கள் கூடும். காயம் ஆறியதும் எல்லாம் கலைந்துவிடும். புற்றுக்கட்டி இதே ஆட்களைத்தான் கூப்பிடுகிறது, ஆனால் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதனால்தான் அமெரிக்க மருத்துவர் ஹரோல்ட் ட்வோராக் 1986-ல் கட்டிகளை 'ஆறாத காயங்கள்' என்று வர்ணித்தார். தங்கிவிட்ட செல்கள் வளர்ச்சிக்கான ரசாயன சமிக்ஞைகளைச் சுரக்கின்றன. சுற்றியுள்ள திசுவை அரித்து, புற்றுச் செல்கள் நகர வழி விடுகின்றன. ரத்தக் குழாய்களை இழுத்து வருகின்றன. இதையெல்லாம் விட மோசமானது, நோயை அழிக்க வரும் டி செல்களை உள்ளே விடாமல் வேலி போடுவது. கிருமியை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்களே பல கட்டிகளில் கட்சி மாறிவிடுகின்றன.

'அப்போ அந்தச் செல்களையே அழிச்சுட்டா போச்சே?' என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. கணையப் புற்றுநோய் உள்ள எலிகளில் இவற்றை நீக்கிப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது: கட்டி இன்னும் மூர்க்கமானது, எலிகள் சீக்கிரம் இறந்தன. அந்த நார்ச்சுவர் ஓரளவுக்குக் கட்டியை அடக்கியும் வைத்திருந்தது! அதனால் இப்போதைய ஆய்வுகள் பலவும் இவற்றை ஒட்டுமொத்தமாக அழிப்பதை விட்டு, பழைய குணத்துக்குத் திருப்பவே பார்க்கின்றன. டி செல்களுக்குப் போடப்பட்ட தடையை எடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன. அதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். 'நான் புகையிலை போடறதில்லைங்க, வெறும் பாக்குதான்' என்பது பலரும் சொல்லும் சமாதானம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே வகைப்படுத்திவிட்டது. பழக்கத்தை விட்டாலும் இறுகிய திசு முழுமையாகப் பழைய நிலைக்கு வருவது கடினம். ஆகவே விட்டவர்களும் குறிப்பிட்ட இடைவெளியில் வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பு குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'கத்தி வெச்சா பரவிடும்' என்ற பயத்தில் பயாப்ஸிக்கு மறுக்காதீர்கள். சிறு துண்டு திசு எடுப்பதால் சாதாரணப் புண் புற்றுநோயாக மாறாது. மறுத்துவிட்டுப் போனால் வீணாகும் மாதங்கள்தான் ஆபத்து.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அதோடு குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்குக் கூப்பிடுங்கள். புகையிலையை விட உதவி வேண்டுவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.