பழைய மோட்டார் வண்டிகளில் எண்ணெய்க் கசிவு: காரணமும் பரிகாரமும்

பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. பட்டறைக்கு அனுப்பிப் பேக்கிங்குகளை மாற்றினால் சில வாரங்கள் கசிவு நிற்கிறது. பின்னர் அதே இடத்திலோ வேறோரிடத்திலோ மீண்டும் தொடங்குகிறது. இவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்த பின், எஞ்சின் தேய்ந்துவிட்டதென்றும், முழுவதும் பிரித்துச் சிலிண்டர்களைக் கடைய வேண்டுமென்றும் முடிவு செய்யப்படுகிறது. அதற்காகும் செலவு ஒரு போகத்தின் ஆதாயத்தை விழுங்கிவிடக் கூடும். ஆனால், அடைபட்டுக் கிடக்கும் ஒரு சிறு குழாயைச் சுத்தம் செய்வதாலேயே இக்குறை நீங்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆகையால் கசிவை அடைக்க முற்படுமுன், எண்ணெயை வெளியே தள்ளுவது யாது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

அழுத்தம் உண்டாகும் விதம்

எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் கிராங்க் ஷாப்ட் சுழலும் அறை கிராங்க்கேஸ் எனப்படும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருப்பினும், சிலிண்டரில் எரியும் வாயுவில் சிறிதளவு அவற்றைக் கடந்து இவ்வறைக்குள் இறங்கியே தீரும். புதிய எஞ்சினிலும் இது நிகழ்வதுண்டு. தேய்ந்த எஞ்சினில் அதிகம். இவ்வாயுவுடன் நீராவியும் கலந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவி வடிவில் உண்டாகிறது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே சென்றாலும், ஒரு சிறு பகுதி கிராங்க்கேஸை அடைகிறது.

இவ்வாயு வெளியேறுவதற்கென்று அமைக்கப்பட்டதே பிரீதர் எனப்படும் மூச்சுக் குழாய். அவ்வழி திறந்திருக்கும் வரையில் அறையினுள் அழுத்தம் ஏறுவதில்லை. வழி குறுகினாலும், வரும் வாயு மிகுந்தாலும் அழுத்தம் ஏறும். அப்போது அது பேக்கிங், சீல் முதலியவற்றில் எங்கு பலவீனம் உளதோ அங்கு எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளிப்படும். ஓரிடத்தை அடைத்தால் வேறோரிடத்தில் கசிவதன் காரணம் இதுவே.

கிணற்று மேட்டில் பழைய மெதுவேக ஆயில் எஞ்சினை ஓட்டிய விவசாயிகளுக்கு இது புதிதன்று. அவ்வகை எஞ்சின்கள் பலவற்றின் கிராங்க்கேஸ் கதவில் மெல்லிய தகடு கொண்ட ஒரு சிறு வால்வு இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது அது திறந்து காற்றை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். அத்தகடு வளைந்தாலோ, பிசின் படிந்து ஒட்டிக்கொண்டாலோ, தண்டின் இரு முனைகளிலும் எண்ணெய் வழியத் தொடங்கும். மோட்டார் வண்டியிலும் நிகழ்வது இதனை ஒத்ததே.

அம்பாசிடர் வண்டியின் அமைப்பு

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட அம்பாசிடர் வண்டியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்டு வந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் வாயு வெளியேற இரு வழிகள் உண்டு. முதலாவது, எஞ்சினின் பக்கத்திலுள்ள டேப்பெட் மூடியிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் இரும்புக் குழாய். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று இக்குழாயின் வாயில் சிறு இழுப்பை உண்டாக்கி வாயுவை வெளியேற்றும். இரண்டாவது, ராக்கர் கவரிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்.

இவ்வெஞ்சினில் கவனிக்கத்தக்க மற்றோர் அம்சம், கிராங்க் ஷாப்டின் பின்முனையில் தண்டை இறுகப் பற்றும் ரப்பர் சீல் இல்லாமையாகும். தண்டின்மீது திருகு மரை போன்ற வரிகள் வெட்டப்பட்டுள்ளன. தண்டு சுழலும்போது அவை எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்புகின்றன. கிராங்க்கேஸில் அழுத்தம் இல்லாத வரையில் இவ்வமைப்பு போதுமானது. சிறிது அழுத்தம் ஏறினும், எண்ணெய் அவ்வரிகளைக் கடந்து கிளட்ச் உறைக்குள் சென்று, உறையின் அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே சொட்டும். கிளட்ச் தகட்டில் எண்ணெய் பட்டால் வண்டி மேடேறும்போது கிளட்ச் வழுக்கும். பின்பக்கக் கசிவைக் கண்டவுடன் எஞ்சினை இறக்க முற்படாமல், அழுத்தத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவாகும்.

முதலில் பார்க்க வேண்டியவை

எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டுள்ளதா என்று அளவுகோலால் முதலில் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாப்ட் எண்ணெயை அடித்து நுரையாக்கும். அந்நுரை மூச்சுக் குழாய் வழியே வெளியேறும்.

அடுத்து ஹோஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளியே நன்றாகத் தோன்றும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. டேப்பெட் மூடியையும் அதன் குழாயையும் கழற்றி, உள்ளே படிந்த கசடைப் பார்வையிட வேண்டும். தோட்டத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து தோட்டத்துக்கும் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில், எஞ்சின் நன்கு சூடேறாமையால் நீராவி குளிர்ந்து எண்ணெயுடன் கலந்து, தயிர் போன்ற வெளிறிய கசடாகப் படியும். இக்கசடே பெரும்பாலும் வழியை அடைப்பது. சொட்டுவதை நிறுத்தும் எண்ணத்துடன் யாரேனும் குழாயின் வாயில் துணி திணித்திருப்பதும் உண்டு.

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் துவாரமோ கம்பிவலையோ இருக்குமாயின், அதுவும் சுத்தமாக இருத்தல் வேண்டும். மூடி வண்டிக்கு உரியதுதானா என்றும் கவனிக்க வேண்டும்.

நீர்க்குழாய்ச் சோதனை

அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ப வடிவில், இரு கைகளும் மேல்நோக்கி நிற்குமாறு கட்டி, பாதியளவு வண்ணநீர் ஊற்ற வேண்டும். எண்ணெய் அளவுகோலை உருவிவிட்டு, அத்துவாரத்தில் குழாயின் ஒரு முனையைக் காற்றுப் புகாதபடி பொருத்த வேண்டும். மறுமுனை திறந்திருக்க வேண்டும். பின்னர் எஞ்சினைச் சூடேறும் வரை ஓட்டி, முதலில் மெதுவாகவும் பிறகு சற்று வேகமாகவும் ஓடும்போது நீர்மட்டத்தைக் கவனிக்க வேண்டும்.

இரு கைகளிலும் நீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் அழுத்தம் இல்லை என்பது தெளிவு. திறந்த கையில் நீர் ஏறி நின்றால், உள்ளே அழுத்தம் உளதென்று அறியலாம். 10 சென்டிமீட்டர் ஏற்றம் அற்பமாகத் தோன்றும். ஆயினும் அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் 10 கிராம் எடைக்குச் சமமான தள்ளுதலாகும். ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள எண்ணெய்த் தொட்டியின்மீது அது 10 கிலோ ஆகிறது. எஞ்சின் பக்கத்துக் கையில் நீர் மிகுதியாக ஏறினால், நீர் உள்ளே இழுக்கப்படாதபடி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இச்சோதனையை இருமுறை செய்தல் அவசியம். வண்டி உள்ளபடியே ஒரு முறையும், மூச்சு வழிகள் யாவற்றையும் சுத்தம் செய்த பின் ஒரு முறையும் அளக்க வேண்டும். இரண்டாம் முறை அழுத்தம் மறைந்தால் குறை அடைப்பிலேயே இருந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. வழிகள் யாவும் திறந்திருந்தும் அழுத்தம் நீடித்தால், ரிங்குகளைக் கடந்து வரும் வாயு மிகுந்துவிட்டதென்று கொள்ள வேண்டும்.

சிலிண்டர்ச் சோதனை

அந்நிலையில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பட்டறையில் அளக்கச் செய்யலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியவாறு ஸ்டார்ட்டரால் சுழற்றி அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்துள்ளன. உயராவிடின் வால்வுகளையோ ஹெட் பேக்கிங்கையோ ஐயுற வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் குறைந்திருப்பின், உடைந்த ரிங் முதலிய தனிக்குறை இருக்கலாம். நான்கும் ஒருசேரக் குறைந்திருந்தால்தான் முழுச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பரிகாரம்

கழற்றிய மூடிகளையும் குழாய்களையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தித் திரும்பப் பொருத்த வேண்டும். ஹோஸ் எண்ணெயைத் தாங்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். தோட்டத்து நீர்க்குழாய் இதற்கு உதவாது. பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றிய பின், எஞ்சினின் வெளிப்புறத்தைக் கழுவி உலர்த்தி, ஐயமுள்ள இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி வண்டியைச் சிறிது தூரம் ஓட்டினால், எங்கு நனைகிறதோ அதுவே கசியுமிடம் என்று அறியலாம். அழுத்தம் நீங்கிய பிறகும் கசியும் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் போதும். டேப்பெட் மூடிகளை மிகையாக இறுக்கினால் தகடு வளைந்து கசிவு மிகும்.

பின்முனையில் வரிகள் உள்ள இவ்வகை எஞ்சினில், வண்டி நின்ற பின் ஓரிரு துளி சொட்டுவதைப் பெருங்குறையாகக் கருத வேண்டுவதில்லை.

செய்யத்தகாதவை

மூச்சுக் குழாயை எக்காரணத்தாலும் அடைக்கலாகாது. கிளட்ச் உறையின் அடித்துவாரத்தையும் அடைக்கலாகாது. அடைத்தால் எண்ணெய் கிளட்ச் தகட்டில் தேங்கும். அழுத்தத்தைக் குறைப்பதற்காக, கட்டுப்படுத்தும் வால்வு இல்லாமல் கிராங்க்கேஸை இன்டேக் மானிபோல்டுடன் நேரே ஹோஸால் இணைப்பதும் தவறு. அது எண்ணெயை உறிஞ்சிப் புகையாக்குவதுடன் பெட்ரோல் காற்றுக் கலவையையும் கெடுக்கும். அத்தகைய வால்வுடன் கட்டப்பட்ட பிற்கால வண்டிகளில், முதலில் அவ்வால்வையே கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டலாகாது. அது நிலத்தையும் நீரையும் கெடுப்பதுடன், தோலில் பல நாள் பட்டால் தீங்கு விளைவிக்கும். மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி மிகுதியாதலின் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்தலும், வாரத்துக்கு ஒருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும்படி நெடுந்தூரம் ஓட்டுதலும், எண்ணெய் மாற்றுந்தோறும் மூச்சுக் குழாயைக் கழற்றிப் பார்த்தலும் வழக்கமாக வேண்டும். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் உடைமையாளர், நீர்க்குழாய்ச் சோதனையின் இரு அளவுகளையும் ஒரு காகிதத்தில் குறித்து மிஸ்திரியிடம் கொடுப்பாராயின், வேண்டாத வேலையும் வீண் செலவும் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.